டிரைவர் மாட்யூல் பொதியாக்கம்

லினக்ஸ் கெர்னலைத் தம் தேவைக்கேற்பக் கம்பைல் செய்துகொள்பவர்கள், அதனோடு சேர்ந்து வராத வன்பொருள் டிரைவர்களை நிறுவத்தக்க பொதிகளாக்கும் முறை இது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலை அடியாகக் கொண்டது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் மாணவர் கைக்கு வந்தது. எனவே டெபியனில் இம்முறை வளர்ந்த வரலாறு காஞ்சிபுரத்துப் பள்ளி மாணவருக்கும் அயலானதன்று.

டிரைவர்களைத் தனியே பொதியாக்க வேண்டியிருக்கும் சிக்கலின் வேர் கெர்னலின் இயல்பிலேயே இருக்கிறது. டிரைவர் அடங்கிய ஒவ்வொரு மாட்யூலும் தான் எந்தப் பதிப்புக்கு, எந்த அமைப்புகளோடு கம்பைல் ஆனது என்ற முத்திரையைத் தாங்கியிருக்கும். அது பொருந்தாவிட்டால் கெர்னல் அதை ஏற்காது. ஆகவே ஒருவர் தாமே கெர்னலைக் கட்டிய கணமே, பிறர் கட்டித் தந்த டிரைவர் பொதிகள் அவருக்குப் பயனற்றுப் போகின்றன. மனோஜ் ஸ்ரீவஸ்தவாவின் கெர்னல்-பேக்கேஜ் கருவி இதற்கு நேர்வழி கண்டது: கெர்னலைக் கட்டும் அதே இடத்தில் மாட்யூலையும் கட்டி, இரண்டையும் டெப் பொதிகளாகத் தந்தது. பின்வந்த மாட்யூல்-அசிஸ்டன்ட் அந்த வேலையை எளிதாக்கியது. 2003 வாக்கில் டெல் நிறுவனத்தில் பிறந்த டிகேஎம்எஸ் வேறு திசையில் சென்றது. அது மூல நிரலைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் மாட்யூலைத் தானே மறுபடி கட்டுகிறது.

டிகேஎம்எஸ் வந்தபின் பழைய முறை எதற்கு என்று கேட்பதில் நியாயம் உண்டு. தனி ஒருவரின் கணினிக்கு அதுவே வசதி. ஆனால் அதற்கு ஒவ்வொரு கணினியிலும் கம்பைலரும் கெர்னல் ஹெடர்களும் வேண்டும். அது கட்டி வைக்கும் மாட்யூல் கோப்பு டெபியனின் பொதிக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒரே வகைக் கணினிகள் வரிசையாக நிற்கும் கல்லூரி ஆய்வகத்தில், ஒன்றில் கட்டிய டெப் பொதியை மற்றவற்றுக்கு நகலெடுப்பதே சிக்கனம், பாதுகாப்பும்கூட.

எனினும் இரண்டுமே இடைக்கால மருந்துகள்தாம். பிராட்காமின் மூடிய வைஃபை டிரைவருக்கு டெபியன் இவ்விரு வகைப் பொதிகளையும் தர வேண்டியிருந்தது. 2010இல் அந்நிறுவனம் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட, அது கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. அது தாங்கும் சில்லுகளுக்குத் தனிப்பொதியே தேவையற்றுப் போனது. நிரலைத் திறந்துவிட்டாலே போதும் என்பாரும் உண்டு. என்விடியா 2022இல் தன் கெர்னல் மாட்யூல்களின் நிரலைத் திறந்தது. ஆனால் அவை கெர்னலுக்கு வெளியிலேயே இருப்பதால், கெர்னல் மாறும்போதெல்லாம் இன்றும் மறுபடி கட்டப்படுகின்றன. ஆகவே அரசும் கல்லூரிகளும் கணினிக்கு டெண்டர் விடும்போது, எல்லா வன்பொருளுக்கும் டிரைவர் மூலக் கெர்னலிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.