எந்த உதவியாளரை வைத்திருப்பது?

கணனி வேலை செய்கிற எங்கட பெடியள் சந்தித்தால் இப்ப கேட்பது ஒன்றுதான். நிரல் எழுத எந்தச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை எடுப்பது? கோப்பைலட்டா, கேர்சரா, வேறேதுமா? எது கெட்டிக்காரன் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

1957இல் ஐபிஎம்மில் ஜோன் பாக்கஸின் குழு ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்தபோது, கையால் இயந்திரக் கட்டளை எழுதியவர்கள் நம்பவில்லை. அது எழுதித் தருவது மெதுவாகத்தான் ஓடும் என்றார்கள். கைவேலைக்குக் கிட்ட நிற்கிற வேகத்தில் ஓடியதைக் கண்டபிறகுதான் மாறினார்கள். அந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம்.

இந்த உதவியாளர்களுக்கு ஆயுசும் குறைவு. அடுத்த வரியை ஊகித்துச் சொன்ன 'கைட்' 2014இல் தொடங்கி 2021உடன் நின்றுபோனது. 2021இல் வந்த கோப்பைலட்டுக்கு அடித்தளமாக இருந்தது ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ். 2023 மார்ச்சில் அதன் சேவையை நிறுத்துவதாகச் சில நாள் முன்னர்தான் அறிவித்தார்கள். பிறகு ஆய்வாளர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். கோடெக்ஸ் என்ற பெயர் பின்னர் திரும்பி வந்தது, வேறு பொருளாக.

எனவே நான் பட்டியலைப் பார்ப்பதில்லை. எனக்கு விடை தெரிந்த வேலையொன்றைக் கொடுத்துப் பார்க்கிறேன். அது பாமினி எழுத்துருவை யூனிகோட்டுக்கு மாற்றுவது.

புலம்பெயர்ந்த நாங்கள் தொண்ணூறுகளில் எழுதிய மலர்கள், கல்வெட்டுகள், கடிதங்கள் எவ்வளவோ பாமினியில் கிடக்கின்றன. பாமினியில் கொம்பு முதலில் வரும், எழுத்துப் பிறகு வரும். யூனிகோட்டில் எழுத்துத்தான் முதல். அது சின்ன வேலை. சிக்கல் 'ள'வில் இருக்கிறது. 'கௌ'வின் கடைசித் துண்டுக்கும் 'ள'வுக்கும் பாமினியில் ஒரே விசைதான். அதனால்தான் மாற்றிய பக்கங்களில் 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்று வந்து நிற்கிறது. நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இரண்டு உதவியாளர்களிடம் கொடுத்தேன். ஒன்று நிமிடத்தில் அழகான நிரல் தந்து, எல்லாம் சரி என்றது. ஓடவிட்டால் அதே 'வௌியீடு'. மற்றது, 'ள'வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் என்ன செய்வது என்று முதலில் கேட்டது. சோதனைச் சொற்களும் கேட்டது. 'கெளுத்தி' கொடுத்தேன், 'கௌரவம்' கொடுத்தேன். 'வெளவால்' எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களை ஒன்றும் செய்ய ஏலாது.

இரண்டாவதை எடுத்தேன், மாதச் சந்தாவில். வருடக் காசு முன்பணமாகக் கட்டவில்லை. சோதனைச் சொற்கள் முந்நூறும் என் கணனியிலேயே தனிக் கோப்பாக இருக்கின்றன. நாளைக்கு இதுவும் கடையைப் பூட்டினால், அடுத்ததிடம் அந்தக் கோப்பைத்தான் முதலில் நீட்டுவேன்.