லாக் மாட்டிய எழுத்து

ஈயத்தில் அச்சுக் கோர்த்த காலத்தில் எழுத்தை எடை போட்டு வாங்கினார்கள். என் அப்பா திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டர். ஃபவுண்டரியிலிருந்து வந்திறங்கிய டைப், தேயும்வரை முதலாளியின் சொத்து. டிரெடில் மிஷினை மாற்றினாலும் சரி, அச்சகத்தையே அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனாலும் சரி, கேஸ்களைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். புது மிஷினில் ஓட்டுகிறாயே, எழுத்துக்கு மறுபடி காசு வை என்று ஃபவுண்டரிக்காரர் வந்து நின்றதில்லை. தேய்ந்த பிறகும் ஈயத்துக்கு விலை உண்டு. உருக்கக் கொடுத்துவிட்டுப் புது டைப்பின் கணக்கில் கழித்துக்கொள்வார்கள்.

அதே தொழிலில் டிடிபி சென்டர் வைத்த எனக்கு, எழுத்தை விலைக்கு வாங்கினேனா வாடகைக்கு எடுத்தேனா என்பதே பல வருஷம் விளங்கவில்லை. பழைய ஃபோனில் காசு கொடுத்த ஆப்புக்குப் புது ஃபோனில் ஏன் மறுபடி கொடுக்க வேண்டும் என்று இப்போது பலர் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் இந்த வழக்கு ஃபோனுக்கு மிக மூத்தது.

மென்பொருளுக்குத் தனி விலை என்பதே முதலில் கிடையாது. 1969 வரை ஐபிஎம் தன் கம்ப்யூட்டர்களோடு மென்பொருளையும் சேர்த்தே கொடுத்துவந்தது. ஏகபோக வழக்கு அமெரிக்காவில் அதன் கழுத்தை நெருக்கிய அந்த வருஷம் ஜூனில்தான், இரண்டையும் பிரித்து விலை வைக்கப்போவதாக அறிவித்தது. தனி விலை வந்ததும் திருட்டுப் பயமும் வந்தது. ஆல்டேர் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் தன் பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்று 1976இல் இளைஞர் பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பயம் வந்த இடத்தில் பூட்டு வராமல் இருக்குமா? 1983இல் 495 டாலருக்கு விற்ற கணக்குத்தாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3ஐ ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வைத்திருந்தாலும், மூல ஃபிளாப்பியை டிரைவில் செருகினால்தான் திறக்கும். காசு கொடுத்தவரின் கையில் இருந்தது, கெட்டுப்போகக்கூடிய ஒரு காந்தத் தட்டு.

அதே வருஷக் கடைசியில் பிலிப் கானின் போர்லண்ட் நிறுவனம், புரோகிராம் எழுதுவதற்கான டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்குப் பூட்டே இல்லாமல் விற்றது. அந்த நிறுவனத்தின் உரிமப் பத்திரம் சொன்னது இவ்வளவுதான்: இதை ஒரு புத்தகம்போல வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எந்தக் கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடக் கூடாது. இதைவிட நியாயமான உரிமப் பத்திரம் எதையும் நான் படித்ததில்லை. (மற்றவற்றை யார் படித்தார்கள் என்று கேட்காதீர்கள்.)

இந்திய எழுத்துகளுக்கு வழி வேறாக இருந்தது. ஐஐடி கான்பூரில் தொடங்கி, அரசு நிறுவனமான சி-டாக் வளர்த்தெடுத்த ஜிஸ்ட், டாஸ் காலத்தில் ஒரு கார்டாக வந்தது. சிபியுவைத் திறந்து செருக வேண்டும். எழுத்து கார்டுக்குள்ளேயே இருந்தபோது அதை யாரும் ஃபிளாப்பியில் அள்ளிக்கொண்டு போக முடியாது. விண்டோஸ் வந்து எழுத்து வெறும் ஃபைலானதும் நிலைமை மாறியது. தமிழ் மென்பொருள் விற்றவர்கள் லாக்கைக் கொண்டுவந்தார்கள்.

சிபியுவின் முதுகில் இருந்த 25 முள் பேரலல் போர்ட்டுக்கும் பிரிண்டர் கேபிளுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன டப்பா அது. மென்பொருள் அவ்வப்போது லாக் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். இல்லையென்றால் வேலை நின்றுவிடும். ராத்திரி கடை சாத்தும்போது அதைக் கழற்றி, கல்லாவில் பணத்தோடு வைத்துப் பூட்டிய முதலாளிகளை எனக்குத் தெரியும். இரண்டு மிஷின், ஒரு லாக் உள்ள கடையில் கல்யாணப் பத்திரிகை முடியும்வரை பிட் நோட்டீஸ் காத்திருக்கும். திட்டிக்கொண்டேதான் பயன்படுத்தினோம். யோசித்துப் பார்த்தால், போர்லண்ட் காகிதத்தில் எழுதியதை இந்த டப்பா பிளாஸ்டிக்கில் செய்துகாட்டியது. கம்ப்யூட்டரை மாற்றினால் லாக்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினால் போதும், ஒரு பைசா கூடுதல் இல்லை.

அந்த நியாயம் போர்ட் இருந்தவரை நீடித்தது. யுஎஸ்பி பரவியதும் புது மிஷின்களில் பேரலல் போர்ட் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் யுஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் வாங்கி மாட்டினேன். பிரிண்டர் ஓடியது, லாக்கை மென்பொருள் அடையாளமே காணவில்லை. விற்ற நிறுவனத்தைக் கேட்டால், "யுஎஸ்பி லாக் வேணும்னா புது வெர்ஷன் எடுத்துக்குங்க சார், பழசுக்கு லாக் மட்டும் மாத்தித் தர்றதில்லை" என்றார்கள். அதே எழுத்து, அதே வளைவு, முழு விலை. சிலர் பேரலல் போர்ட் கார்டு தேடிப் பிடித்து மாட்டினார்கள். நான் அந்த ஒரு வேலைக்காகவே பழைய சிபியு ஒன்றைத் தூசி தட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் 2008 ஜூலையில் ஆப்பிள் திறந்த ஆப் ஸ்டோரை நான் மரியாதையோடு பார்க்கிறேன். வாங்கியது ஃபோனில் ஒட்டிக்கொள்ளவில்லை, வாங்கியவரின் கணக்கில் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஐஃபோனில் அதே கணக்கைத் திறந்தால் ஆப்பை மறுபடி காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அப்பாவின் டைப் கேஸ் திரும்பி வந்த மாதிரி இருந்தது. 2010 ஏப்ரலில் ஐபேட் வந்ததும் மறுபடி சிக்கல். ஒரே ஆப்பை இரண்டுக்கும் பொதுவாகச் செய்து, ஒரு சின்னக் கூட்டல் குறியோடு விற்க ஆப்பிள் வழி வைத்திருந்தது. ஆனாலும் பலர் எச்டி என்று பெயர் சேர்த்துத் தனியாக விற்றார்கள். 99 சென்ட் ஆங்க்ரி பேர்ட்ஸ் விளையாட்டு பெரிய திரைக்கு 4.99 டாலர். கணக்கும் ஒரு கம்பெனியின் வேலிக்குள்தான். ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு மாறுகிறவர் இன்றுவரை பல ஆப்களுக்கு மறுபடிதான் கொடுக்கிறார்.

செய்கிறவர் பக்கமும் வழக்கு உண்டு. விலையில் 30 சதவீதம் கடைக்குப் போனது. பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை விலையில் அடுத்த வெர்ஷனைக் கொடுக்க அந்தக் கடையில் ஏற்பாடு இல்லை. 2009இல் ட்விட்டருக்கான ஆப்பான ட்வீட்டி 2ஐ முழுக்கப் புதிதாக எழுதி 2.99 டாலருக்கு வைத்தபோது, முதல் ட்வீட்டியை வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதில் நான் செய்தவர் பக்கம். பிட் நோட்டீஸை வால் போஸ்டராக்கச் சொன்னால் நானும் தனியாகத்தான் காசு வாங்குவேன். வேலை புதிது என்றால் காசு சரி. மிஷின் மட்டும் புதிதென்றால் எதற்கு? இந்தத் தகராறை 2013இல் அடோபி வேறு மாதிரி முடித்தது. பெட்டியில் விற்பதை விட்டுவிட்டுச் சந்தாவுக்குப் போனது. மிஷினை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருந்தால்.

எங்கள் தொழிலில் பாக்கி இருப்பது வேறொன்று. லாக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழுக்குத் தன் குறியீட்டை வைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளை அறிவித்தது. 2010இல் யூனிகோடுக்கு வந்தது. பழைய குறியீடுகளில் அடித்த மேட்டரை இன்று அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். தன் பழைய நாவலை சிடியில் கொண்டுவருகிற எழுத்தாளர்கள் என் கடைக்கு இன்னும் வருகிறார்கள். கன்வர்ட்டரில் போட்டால் முக்கால்வாசி சரியாக வரும். நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் கந்தலாகியிருக்கும், கொம்பு இடம் மாறியிருக்கும். வரிவரியாக ப்ரூஃப் பார்த்தாக வேண்டும்.

"என் மேட்டர்தானே தம்பி, அப்பவே டைப்புக்குக் காசு கொடுத்துட்டேனே" என்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்பேன். பேரம் பேசுவார்கள். பாதிக்கு இறங்குவேன், சும்மா செய்துதர மாட்டேன்.