கண்ணாடிச் சாடியில் கோடைக்காலம்

மரத்தில் பழம் இருப்பது சில வாரங்கள்தாம். பழத்தின் மேல் ஆசையோ ஆண்டு முழுவதும் இருக்கிறது. இந்த இடைவெளியைக் கடக்க மனிதன் கண்ட வழிகள் பல. அவற்றுள் பலவற்றை அவன் முதலில் கைப்பழக்கத்தால் கற்றுக்கொண்டான். காரணத்தைப் பிறகுதான் அறிந்தான். காரணம் தெரியாத காலத்தில் அதே கைப்பழக்கம் சில வீடுகளில் உயிரையும் பறித்தது. வட அமெரிக்கப் பண்ணைவீடுகளில் இது நிகழ்ந்த விதத்தைப் பார்ப்போம்.

மாம்பழப் பருவம் முடிந்தாலும் வாழைப்பழமாவது கிடைக்கும் நாட்டில் வாழும் நமக்கு இந்த இடைவெளி பெரிதாகத் தோன்றுவதில்லை. வட அமெரிக்காவின் வடபகுதியில் நிலைமை வேறு. அங்கு ஜூன் மாதத்தில் ஸ்ட்ராபெரி, ஜூலையில் செர்ரி, ஆகஸ்டில் பீச், செப்டம்பரில் பிளம், அக்டோபரில் ஆப்பிள் என்று பழங்கள் வரிசையாக வந்து போகும். பிறகு பனி. அடுத்த வசந்தம் வரை தோட்டத்தில் ஒன்றும் இராது. 19ஆம் நூற்றாண்டில் கடைத்தெருவுக்கு வெகுதொலைவில் வாழ்ந்த உழவர் குடும்பம் குளிர்காலத்தில் பழம் உண்ண வேண்டுமானால், அதைக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தேடி வைத்திருக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுந்தது.

நிலவறையும் வற்றலும்

மிக எளிய வழி நிலவறை. தரைக்கடியில் தோண்டிய அறை குளிர்காலத்தில் உறைந்துபோவதில்லை, வெப்பமாகவும் இருப்பதில்லை. பறித்த பின்னும் ஆப்பிள் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. தன்னிடமுள்ள சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் செலவழிக்கிறது. குளிர்ச்சி இந்தச் சுவாசத்தை மந்தப்படுத்துவதால், தடித்த தோலுள்ள ஆப்பிள் வகைகள் பல மாதங்கள் கெடாமல் இருந்தன. ஆனால் செர்ரியும் பீச்சும் நிலவறைக்கு அடங்கமாட்டா.

இரண்டாவது வழி உலர்த்துவது. ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். அதன் பெரும்பகுதியை நீக்கிவிட்டால் பூஞ்சணமும் பாக்டீரியாவும் வளர ஈரம் கிடைக்காது. அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடிப் பேசிச் சிரித்தபடி ஆப்பிள்களைத் தோல் சீவுவார்கள். துண்டுகளை நூலில் கோத்து அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். பெரிய வேலை இப்படி ஒரு சிறு திருவிழாவாக முடிந்துவிடும்.

வற்றலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு, எடை குறைவு. 1840களில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஓரிகன் பகுதிக்கு மாட்டு வண்டிகளில் மக்கள் புறப்பட்டனர். ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் தொலைவு. நான்கு முதல் ஆறு மாதப் பயணம். அவர்கள் கொண்டுபோன உணவு மூட்டைகளில் மாவு, பன்றி இறைச்சியுடன் ஆப்பிள் வற்றலும் இருந்தது. 1847இல் ஹென்டர்சன் லுவெல்லிங் என்பவர் ஒருபடி மேலே போனார். அயோவாவிலிருந்து புறப்பட்ட அவர், வண்டியில் மண் நிரப்பிய பெட்டிகளை வைத்து, ஏறக்குறைய 700 பழமரக் கன்றுகளை நட்டு, வழியெல்லாம் நீர் ஊற்றிக்கொண்டே சென்றார். சுமார் பாதிக் கன்றுகள் பிழைத்தன. ஓரிகனின் பழத்தோட்டத் தொழிலுக்கு அவை வித்தாயின.

1862இல் வந்த குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்கியது. புதிய பண்ணைவீடுகள் தோன்றிய இடமெல்லாம் பழமரங்களும் தோன்றின.

சர்க்கரையின் வேலை

பழத்தைச் சர்க்கரையுடன் காய்ச்சுவது மூன்றாவது வழி. நம் ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை ஜாமில் சர்க்கரை செய்கிறது. அடர்ந்த சர்க்கரைக் கரைசல் தன்னைச் சுற்றியுள்ள நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணுயிரின் உடலிலுள்ள நீரையும் வெளியே இழுத்துவிடுகிறது. ஜாமில் சர்க்கரை 60 முதல் 65 சதவீதம் வரை இருப்பது இதனால்தான்.

ஜாம் கெட்டியாவதற்குக் காரணம் பெக்டின் என்னும் பொருள். 1825இல் பிரெஞ்சு வேதியியலார் ஹென்றி பிராக்கன்னோ இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். பெக்டின், அமிலம், சர்க்கரை ஆகிய மூன்றும் தக்க அளவில் சேர்ந்தால்தான் ஜாம் உறையும். பெக்டின் குறைந்த பழத்துடன் புளிப்பு ஆப்பிள் துண்டுகளைச் சேர்க்கும் வழக்கத்தின் பொருள் இதுவே.

ஆனால் சர்க்கரை விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். மேலும், ஜாமில் சர்க்கரையின் சுவைதான் ஓங்கி நிற்கும். பழம் பழமாகவே இருக்க வேண்டுமானால் வேறு வழி தேவைப்பட்டது.

அப்பேரின் பாட்டில்

அந்த வழியைக் கண்டவர் பாரிஸ் நகரத்து மிட்டாய்த் தயாரிப்பாளரான நிக்கோலா அப்பேர் (1749–1841). உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, அப்பாட்டிலைக் கொதிநீரில் வைத்துச் சூடாக்கினார். மாதக்கணக்கில் உணவு கெடவில்லை. நீண்ட பயணம் செய்யும் கப்பல்களில் இது சோதிக்கப்பட்டது. 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசு அளித்தது. தம் முறையை அவர் நூலாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

ஆனால் உணவு ஏன் கெடவில்லை? அப்பேருக்குத் தெரியாது. அப்பாட்டில்களை ஆராய்ந்த புகழ்பெற்ற வேதியியலார் கே-லூசாக், அவற்றில் ஆக்சிஜன் இல்லாததே காரணம் என்று முடிவு செய்தார். ‘காற்றுதான் பகைவன்’ என்ற கருத்து அரை நூற்றாண்டு நிலைத்தது. 1860களில் லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களின் பங்கை நிலைநாட்டிய பிறகே உண்மை வெளிப்பட்டது. உணவைக் காத்தது வெப்பம். மூடி செய்தது, வெளியிலிருந்து நுண்ணுயிர் மீண்டும் புகாமல் தடுத்தது.

அப்பேரின் முறை பண்ணைவீட்டை அடைய ஒரு நல்ல மூடி தேவைப்பட்டது. தக்கையும் மெழுகும் எளிதில் கசிந்தன. 1858 நவம்பர் 30ஆம் நாள் ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் கண்ணாடிச் சாடியின் கழுத்தில் திருகுமரை அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாக மூடியைத் திருகினால், ரப்பர் வளையம் அழுந்தி, காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும். சாடியைக் கழுவி அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம். 1915இல் நிரந்தர விளிம்புப் பூச்சுடைய தட்டை மூடியை அலெக்சாண்டர் கெர் கொண்டுவந்தார். சூடான சாடி ஆறும்போது உள்ளிருக்கும் நீராவி சுருங்கும். வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அழுத்தும். நடுவில் குழிந்த மூடி, அடைப்பு சரியாக விழுந்ததற்கு அடையாளம்.

பழத்துக்குப் பலித்தது பீன்சுக்குப் பலிக்கவில்லை

பீச்சும் பிளம்மும் சாடியில் நன்றாக இருந்தன. பிறகு பீன்ஸ், மக்காச்சோளம், இறைச்சி ஆகியவற்றையும் அதே சாடியில், அதே கொதிநீரில் வைத்தார்கள். இங்குதான் ஆபத்து காத்திருந்தது.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில், ஓர் இறுதிச் சடங்கில் வாசித்த இசைக் குழுவினர் பன்றித் தொடைக்கறி உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். பேராசிரியர் எமீல் வான் எர்மென்ஜெம் அக்கறியை ஆராய்ந்து, காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். ‘பாட்டுலஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குத் தொத்திறைச்சி என்று பொருள். முன்னரே தொத்திறைச்சி நஞ்சு என்று அறியப்பட்டிருந்த அந்த நோய் ‘பாட்டுலிசம்’ எனப்படுகிறது. நஞ்சு நரம்புகளைத் தாக்கும், பார்வை இரட்டிக்கும், விழுங்க முடியாமல் போகும், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலற்றுவிடும்.

இந்தப் பாக்டீரியா மண்ணில் எங்கும் இருக்கிறது. இடர் வந்தால் விதை போன்ற ஒரு கடினமான வடிவம் எடுத்துக்கொள்ளும். இதற்கு ஸ்போர் என்று பெயர். கலிபோர்னியாவில் எஸ்டி, மேயர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1922இல் வெளியிட்ட முடிவுகள் வியப்பளித்தன. கொதிநீர் வெப்பமாகிய 100° சென்டிகிரேடில் சில ஸ்போர்கள் 330 நிமிடம் வரை, அதாவது ஐந்தரை மணி நேரம், தாக்குப் பிடித்தன. 120° வெப்பத்தில் நான்கு நிமிடத்தில் மடிந்தன!

இப்போது சாடியின் நிலையை எண்ணிப் பாருங்கள். கொதிநீர் மற்ற நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது. மூடி காற்றை விலக்கிவிடுகிறது. எஞ்சிய ஸ்போருக்குப் போட்டியும் இல்லை. அது வெறுக்கும் ஆக்சிஜனும் இல்லை. பகைவனென்று நாம் விரட்டிய காற்று, இந்த ஒரு பாக்டீரியாவைப் பொறுத்தவரை நமக்குக் காவலாக இருந்தது!

அப்படியானால் பழங்கள் மட்டும் எப்படித் தப்பின? அவற்றின் புளிப்பால்தான். அமிலத்தன்மையை பி.எச். என்ற அளவால் குறிக்கிறோம். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். 4.6க்குக் கீழே இந்த ஸ்போர் முளைப்பதில்லை. ஆப்பிள், பீச், பிளம் ஆகியவை 3 முதல் 4 வரை உள்ளவை. பீன்சும் மக்காச்சோளமும் 4.6க்கு வெகு மேலே நிற்பவை. பண்ணைவீட்டுப் பெண் அறியாமலே, பழம் தன்னைத் தானே பாதுகாத்துக்கொண்டிருந்தது. எல்லாப் பழமும் புளிப்பல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பப்பாளியும் தர்பூசணியும் 4.6க்கு மேற்பட்டவை. தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கிறது; ஆகவே அதை அடைக்கும்போது எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்கும்படி இன்று அறிவுறுத்துகிறார்கள்.

இந்த வேறுபாட்டை அறியாததற்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. 1924இல் ஓரிகனின் ஆல்பனி நகரில், வீட்டில் அடைத்த பீன்சை உண்ட ஒரே விருந்தில் 12 பேர் இறந்தனர்.

அறிவு அடுப்படிக்கு வந்த வழி

தீர்வு புதியதன்று. அழுத்தம் கூடினால் நீர் 100 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். 1679இலேயே டெனிஸ் பாப்பின் இதற்கென ஒரு கலம் செய்து காட்டியிருந்தார். நம் வீட்டு பிரஷர் குக்கரின் மூதாதை அது. சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் வெப்பம் 115 பாகையைத் தாண்டும். புளிப்பில்லாத உணவை இத்தகைய கலத்தில்தான் பதப்படுத்த வேண்டும் என்ற அறிவுரை 1920களில் வலுப்பெற்றது.

அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தவர்கள் கிராமப் பணியாளர்கள். 1910இல் தென் கரோலினாவின் எய்க்கன் பகுதியில் மேரி சாமுவெல்லா குரோமர் என்ற ஆசிரியை சிறுமிகளுக்காகத் தக்காளிக் கழகம் தொடங்கினார். ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் தக்காளி வளர்த்து, அடைத்து, விற்றுச் சொந்தமாகப் பணம் ஈட்டினார்கள் அச்சிறுமிகள். 1914இல் வந்த சட்டம் ஒன்று, வேளாண் கல்லூரிகளின் அறிவைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல நிதி வழங்கியது.

போர்க்காலம் இந்த வேலையை நாட்டுப் பணியாக்கியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல் அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. ஆயினும் பழம் பதனிடுவோருக்குக் கூடுதல் சர்க்கரை கிடைத்தது. 1943இல் மட்டும் 400 கோடிக்கு மேற்பட்ட சாடிகளும் டப்பாக்களும் நிரப்பப்பட்டதாக மதிப்பிட்டுள்ளனர். பிரிட்டனில் 1940 முதல் 1945 வரை மாதர் சங்கங்கள் 5,300 டன்னுக்கு மேல் பழங்களைப் பதனிட்டு வைத்தன.

பின்னர் குளிர்பதனப் பெட்டி வந்தது. சாடியின் தேவை குறைந்தது. ஆயினும் அது மறையவில்லை. சொந்த மரத்துப் பழத்தைப் பனிக்காலத்தில் திறந்து உண்பதில் உள்ள இன்பத்துக்காகப் பலர் இன்றும் இதைச் செய்கிறார்கள். பழைய பாடத்தை மறப்பவர்களும் உண்டு. 2015 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்து லங்காஸ்டர் நகரில் நடந்த ஒரு பொது விருந்தில் 29 பேர் பாட்டுலிசத்துக்கு ஆளாயினர், ஒருவர் இறந்தார். அழுத்தக் கலத்தைப் பயன்படுத்தாமல், கொதிநீரில் மட்டும் வைத்து அடைத்த உருளைக்கிழங்கே காரணம் எனக் கண்டறியப்பட்டது. எஸ்டியும் மேயரும் தம் முடிவுகளை வெளியிட்டு அப்போது 93 ஆண்டுகள் கடந்திருந்தன.

‘நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று வீடுகளில் சொல்வதுண்டு. அந்தப் பேச்சைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பல தலைமுறைகளின் பட்டறிவு அதில் உண்டு. ஆனால் ஒரு முறை ஏன் பலிக்கிறது என்று தெரிந்தால்தான், அது எந்த இடத்தில் பலிக்காது என்பதும் தெரியும். பீச் பழத்துக்கும் பீன்சுக்கும் இடையே சாடியும் மூடியும் ஒன்றுதான், 4.6 என்ற எண் மட்டும் குறுக்கே நிற்கிறது.