இரண்டு பெயர் வாங்கிய தேரை



இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் கோப்பை எழுதிய அலுவலர் அப்பாவின் பெயரை என் பெயராகவும், என் பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்துவிட்டார். அப்பா காலமாகிவிட்டார். இன்றும் வைத்தியசாலையில் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதனால்தானோ என்னவோ, இலங்கை மலைக்காட்டுத் தேரை ஒன்றின் கதை என் மனதில் ஒட்டிக்கொண்டது.

1872இல் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த அல்பேர்ட் குந்தர், இலங்கையிலிருந்து கிடைத்த தேரை ஒன்றைப் புதிய இனமாக விபரித்தார். கண்டியை நினைவூட்டும்படி 'கண்டியானஸ்' என்று பெயர் வைத்தார். புதிய இனம் என்றால் பெயர் மட்டும் போதாது. உடலை அளந்து, அடையாளங்களை எழுதி அச்சிட வேண்டும். மாதிரி உடலையும் பாதுகாத்து வைக்க வேண்டும். பின்னால் வருபவர்கள் அதனோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அதன்பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தேரையைப் பற்றிப் பேச்சே இல்லை. 2004இல் அது அழிந்துபோன இனம் என்று சர்வதேசப் பட்டியலில் பதியப்பட்டது.

ஆனால் 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில், வேகமாக ஓடும் நீரோடை ஒன்றில், மெண்டிஸ் விக்கிரமசிங்க குழுவினர் அதை உயிரோடு கண்டார்கள். செய்தி 2012இல் வெளியானது.

கதை அதோடு முடியவில்லை. 1998இலேயே கெலும் மனமேந்திர ஆராச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் மலைக்காட்டுத் தேரை ஒன்றுக்கு 'தாசி' என்ற புதுப்பெயர் சூட்டியிருந்தார்கள். 2015இல் மாதவ மீகஸ்கும்புர குழுவினர் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது, தாசியும் கண்டியானஸும் ஒன்றே என்று தெரிந்தது. முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பது விதி. ஆகவே 'தாசி' என்ற பெயர் கைவிடப்பட்டது. அழிந்துவிட்டது என்று 2004இல் எழுதப்பட்ட தேரை, அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே வேறு பெயரில் பதிவாகியிருந்திருக்கிறது!

எனக்குப் பிடித்தது இதுதான்: 1998இல் பெயர் வைத்த இருவரும் 2015 ஆய்விலும் பங்குபற்றினார்கள். தாங்கள் வைத்த பெயரைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். தவறாகப் பதிந்ததைத் திருத்துவது வெட்கமில்லை. திருத்தாமல் விட்டால் உயிரோடு இருப்பதையும் இறந்ததாகவே கணக்கெடுப்பார்கள்.

போன மாதம் என் கோப்பைத் திருத்த விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். உங்கள் பிள்ளைகளின் பத்திரங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.