ஆசிரியை பெற்ற முத்தம்

ஆசிரியர் மாணாக்கரை உருவாக்குகின்றார் என்பர். ஆசிரியரின் உள்ளத்தை மாணாக்கர் உருவாக்குவதும் உண்டு.

1887ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா ஊருக்கு ஆன் சலிவன் என்னும் இளம் ஆசிரியை வந்தார். கண்ணும் செவியும் புலனிழந்த ஆறு வயதுச் சிறுமி ஹெலன் கெல்லருக்குக் கற்பிப்பதே அவர்தம் பணி. சிறுமியோ அவரை அடித்தாள், அறைக்குள் வைத்துப் பூட்டினாள், அணைக்கப்போனால் உதறினாள். ஆசிரியை பொறுத்திருந்தார்.

ஏப்பிரில் 5ஆம் நாள், அவளது ஒரு கையில் நீரைப் பாயவிட்டு, மறுகையில் அதன் பெயரை எழுத்தெழுத்தாக உணர்த்தினார். பொருளுக்குப் பெயருண்டு என்பது அவளுக்கு விளங்கிற்று. அன்றிரவு அவள் தானாகவே வந்து, முதன்முறையாக அவரை முத்தமிட்டாள். மகிழ்ச்சிப் பெருக்கால் நெஞ்சமே வெடித்துவிடும்போல் இருந்ததெனச் சலிவன் கடிதத்தில் எழுதினார்.

தம் பார்வையும் குன்றியிருந்தும், 1936இல் மறையும்வரை அம்மாணவிக்கு உற்ற துணையாக விளங்கினார். பொறுமையைக் கடமை தந்தது. பாசத்தைக் குழந்தை தந்தாள்.