தோட்டா நின்னுபோன துப்பாக்கிகள்

1984. நான் ஒன்பதாவது படிச்சிட்டிருந்தேன். என்.சி.சி.யில் சேர்ந்ததே பரேடு முடிஞ்சதும் கொடுக்கிற பூரிக்கும் கிழங்குக்கும்தான். அந்த வருசம் கேம்ப்பில் .22 ரைபிளில் ஆளுக்கு அஞ்சு தோட்டா சுடக் கொடுத்தாங்க. சுட்டு முடிச்சதும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்கணும். எங்க வரிசையில் ஒரு கூடு குறைஞ்சுபோச்சு. ஹவில்தார் விடவே இல்லை. வெயிலில் அத்தனை பேரும் மண்ணில் முட்டி போட்டு அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு கல் இடுக்கில் என் கைக்குத்தான் அகப்பட்டது.

கொடுக்கிறதுக்கு முன்னாடி அதை உத்துப் பார்த்தேன். கூட்டின் அடித்தட்டில் ஊசி அடிச்ச பள்ளம் நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. எங்க மாமா பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் எடுத்து வெச்சிருந்த பன்னிரண்டு போர் துப்பாக்கியின் காலித் தோட்டாவில் பள்ளம் நட்டநடுவில் இருக்கும். "இது ஏனுங்க ஐயா ஓரத்தில் இருக்குது?" என்று கேட்டேன். "அது அப்படித்தான், போய் வரிசையில் நில்லு" என்றார்.

விடை தெரிய நாற்பது வருசம் ஆச்சு. போன ஐப்பசி மழையில் வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தப்போ, பையன் போனில் ஒரு வீடியோ ஓடிச்சு. அமெரிக்காக்காரர் ஒருத்தர் நூற்றைம்பது வருசத்துத் துப்பாக்கியைத் துடைச்சுக் காட்டுறார். குழல் சுத்தமா இருக்கு, விசை வேலை செய்யுது. ஆனா சுட முடியாதாம். அதுக்கான தோட்டாவை இப்போ யாரும் செய்றதில்லை. அன்னைக்குப் பிடிச்ச ஆர்வத்தில் தேடித் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

முதலில் அந்த ஓரத்துப் பள்ளத்தின் கதை. நம்ம பக்கம் நரிக்குறவர்கள் வெச்சிருந்த நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீங்க. வாய் வழியா மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடிச்சு, பின்பக்கம் ஒரு கேப்பு சொருகிச் சுடணும். மருந்து, குண்டு, கேப்பு மூணும் தனித்தனி. 1845 வாக்கில் பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் அந்தக் கேப்பின் வாயிலேயே சின்னக் குண்டைப் பொருத்திட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரிம்ஃபயர் தோட்டா. செம்புக் கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள்ளே தீப்பற்றும் மருந்து இருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் அது பத்திக்கும். 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இந்த முறையில் .22 ஷார்ட் என்ற தோட்டாவையும் அதுக்கு ஒரு கைத்துப்பாக்கியையும் கொண்டுவந்தாங்க. நான் கேம்ப்பில் சுட்ட தோட்டா அதோட தம்பி முறை.

குண்டு, மருந்து, கேப்பு மூணும் ஒரே கூட்டுக்குள்ள வந்ததும் சுடுற வேகமே மாறிப்போச்சு. 1860இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் .44 அளவு ரிம்ஃபயர் தோட்டா 16 போடலாம். அதே வருசம் கிறிஸ்டோபர் ஸ்பென்சரும் காப்புரிமை வாங்கினார். அவர் துப்பாக்கியில் கட்டைக்குள்ளே 7 தோட்டா. 1863 ஆகஸ்டில் ஜனாதிபதி லிங்கனே ஸ்பென்சர் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்த சமயம் அது. எதிராளி ஒரு தடவை இடிச்சு நிரப்புறதுக்குள்ளே இவங்க ஏழு தடவை சுட்டுடுவாங்க.

இந்தத் துப்பாக்கிகள் சிலது தெற்குப் படைக்காரங்க கையிலும் சிக்கிச்சு. சிக்கி என்ன பிரயோஜனம்? அவங்ககிட்ட செம்புத் தட்டுப்பாடு, இந்தத் தோட்டாவைச் செய்கிற தொழிற்சாலையும் இல்லை. பிடிச்ச தோட்டா தீர்கிறவரைக்கும் சுடலாம். அப்புறம் அது வெறும் தடி. பழைய இடிதுப்பாக்கி வெச்சிருந்தவன் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக்கிட்டான். புதுசு வெச்சிருந்தவன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

இன்னொரு சண்டை 1876 ஜூன் 25. மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயேன் பூர்வகுடிகள் கஸ்டர் என்ற தளபதியையும் அவரோட நின்ன படையையும் அடியோடு முடிச்ச சண்டை. 1983இல் அந்த இடத்துப் புல்வெளி தீப்பிடிச்சு எரிஞ்சு தரை தெரிஞ்சது. அதுக்கடுத்த வருசம் தொல்லியல்காரங்க மெட்டல் டிடெக்டரோட இறங்கினாங்க. நாங்க இங்கே வெயிலில் காலிக் கூடு தேடின அதே 1984! அவங்களுக்கு ஹென்றி .44 கூடுகள் நிறைய கிடைச்சது. ஹென்றி துப்பாக்கியின் ஊசி விளிம்பில் ரெண்டு பக்கமும் அடிக்கும். அந்த வடுக்களை மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிட்டு, எந்தத் துப்பாக்கி எங்கே நின்னு சுட்டது, எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிச்சாங்க. அன்னைக்குக் கஸ்டரோட சிப்பாய்கள் கையில் ஒத்தைத் தோட்டாத் துப்பாக்கிதான். பூர்வகுடிகளில் பலர் கையில் ஹென்றியும் அதோட வாரிசான வின்செஸ்டர் 1866உம் இருந்தது. ஆனா ஒவ்வொரு தோட்டாவையும் அவங்க வியாபாரிகிட்ட வாங்கணும், இல்லைன்னா எதிரிகிட்ட பறிக்கணும். ரிம்ஃபயர் கூடு ஒரு தடவை அடிச்சா அவ்வளவுதான், விளிம்பு நசுங்கிப்போகும். வீட்டில் திரும்ப நிரப்ப வழியே இல்லை.

அது போட்டியில் தோத்ததும் இதே விளிம்பால்தான். ஊசி நசுக்கணும் என்றால் கூடு மெல்லிசா இருக்கணும். மெல்லிசா இருந்தால் அதிக மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. 1866இல் அமெரிக்காவில் பெர்டனும் இங்கிலாந்தில் பாக்ஸரும் நடுவில் தனிக் கேப்பு வைக்கிற சென்டர்ஃபயர் முறைக்குக் காப்புரிமை வாங்கினாங்க. (வேடிக்கை என்னன்னா, அமெரிக்கர் பெர்டன் முறை ஐரோப்பாவில் ஓடிச்சு, இங்கிலீஷ்காரர் பாக்ஸர் முறை அமெரிக்காவில் ஓடிச்சு.) கூடு கெட்டியா இருக்கும். சுட்டபிறகு பழைய கேப்பைத் தட்டி எடுத்துட்டுப் புதுக் கேப்பு, மருந்து, குண்டு வெச்சு வீட்டிலேயே நிரப்பிக்கலாம். மாமாவோட தோட்டாவில் பள்ளம் நடுவில் இருந்ததுக்குக் காரணம் இதுதான்.

சுவிட்சர்லாந்து ராணுவம் 1869இல் வெட்டெர்லி என்ற துப்பாக்கிக்கு மாறினது. அதுவும் 10.4 மில்லிமீட்டர் ரிம்ஃபயர்தான். 1889இல் புதுத் துப்பாக்கி வந்ததும் பழசெல்லாம் பிற்பாடு அமெரிக்காவில் சல்லிசா வித்துச்சு. வேட்டைக்காரங்க வாங்கினாங்க. அதுக்காகவே அங்கே தோட்டாவும் செஞ்சாங்க. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. பித்தளையும் மெஷினும் ராணுவத்துக்கே போச்சு. குறைச்சலா விற்கிற பழைய ரிம்ஃபயர் அளவுகள் ஒண்ணொண்ணா நின்னுச்சு. .25 ஸ்டீவன்ஸ் 1942இல் நின்னது. போர் முடிஞ்ச பிறகும் அதையெல்லாம் திரும்பத் தொடங்க யாருக்கும் லாபம் தெரியலை. முதல் முதலா வந்த .22 மட்டும் இன்னைக்கும் உலகம் பூரா கோடிக்கணக்கில் ஓடுது.

இப்போ அந்தத் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க என்ன பண்றாங்க? சிலர் பழம்பொருள் சந்தைகளில் பழைய தோட்டா டப்பா தேடுறாங்க. டப்பாவே காட்சிப் பொருள் ஆயிட்டதால் விலை எக்கச்சக்கம். வாங்கினாலும் உள்ளே மருந்து வெடிக்குமா, நமத்துப் போயிருக்குமா என்பது சுட்டால்தான் தெரியும். சிலர் ஊசியை நடுவில் அடிக்கிற மாதிரி மாத்தி சென்டர்ஃபயர் ஆக்கிடுறாங்க. வெட்டெர்லிக்கு வேற துப்பாக்கியின் கூட்டை வெட்டிச் செதுக்கிப் போடுறாங்க. மாத்தினா பழம்பொருள் மதிப்பு கெட்டுடும் என்று வருத்தப்படுகிறவங்களும் உண்டு. இன்னும் சிலர் கடைஞ்செடுத்த கூட்டில் ஓரமா ஒரு ஓட்டை போட்டு, அதில் குண்டில்லாத .22 வெற்றுத் தோட்டாவைச் சொருகி அதையே கேப்பாக வெச்சுக்கிறாங்க. பள்ளம் பழையபடி ஓரத்திலேயே விழுது.

சட்டமே இதை ஒத்துக்குது. அமெரிக்காவில் 1898ஆம் வருசமோ அதுக்கு முன்னாடியோ செஞ்ச துப்பாக்கி பழம்பொருள் கணக்கில் வரும். அந்தக் காலத் துப்பாக்கியை நகல் எடுத்துப் புதுசா செஞ்சதுக்கும், தோட்டா அங்கே இப்போ தயாராகாமலும் கடையில் சாதாரணமாக் கிடைக்காமலும் இருந்தால் அதே சலுகைதான். இங்கிலாந்தில் வழக்கொழிஞ்ச தோட்டா அளவுகளுக்கு அரசாங்கமே பட்டியல் வெச்சிருக்கு. தோட்டா இல்லாத துப்பாக்கி அலமாரிச் சாமான் என்று அரசாங்கமே சொல்ற மாதிரிதான்.

இதைப் படிக்கப் படிக்க எனக்கு என் மிளகாய்க் காடுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆறு வருசம் ஒரே வீரிய ரகம் போட்டேன். நல்ல காய்ப்பு, மார்க்கெட்டில் நல்ல பேரு. ஏழாவது வருசம் கடையில் போய்க் கேட்டால், "அந்த ரகத்தை நிறுத்திட்டாங்கண்ணா" என்றான் பையன். என் காட்டில் பழுத்த மிளகாயிலிருந்தே விதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். செடிக்குச் செடி ஒவ்வொரு மாதிரி வந்து நின்னது. மண்ணு இருக்கு, தண்ணி இருக்கு, சொட்டுநீர்க் குழாய் இருக்கு, தொழிலும் தெரியும். விதை மட்டும் என் கையில் இல்லை. அந்த வீடியோவில் சுத்தமான துப்பாக்கியைக் கையில் வெச்சிக்கிட்டு நின்னாரே, அவர் மாதிரிதான் நானும் நின்னேன்.

வீரிய விதையைக் குறை சொல்லலை. இப்பவும் வாங்கத்தான் வாங்குறேன். ரிம்ஃபயரும் அன்னைக்கு நல்ல சாமான்தான், அதில்லாமல் ஹென்றியும் இல்லை, ஸ்பென்சரும் இல்லை. ஆனா ஒரு கருவி தேஞ்சு சாகிறதுக்கு முன்னாடியே அதுக்கான தீனி நின்னு செத்துப்போகும் என்பதை ஞாபகம் வெச்சுக்கணும். எங்க அம்மா சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து வெச்சிருந்த அவரை விதை இன்னும் எங்க வேலியில் ஓடுது. இந்தத் தையில் மிளகாய்க்குப் பக்கத்தில் ரெண்டு பாத்தி நாட்டு ரகமும் போட்டிருக்கேன். காய் சிறுசுதான். விதை என் வீட்டிலேயே இருக்கும். யாருக்காவது ஒரு பிடி வேணும்னா சொல்லுங்க, எடுத்து வெக்கிறேன்.