தலையைக் காத்த விதியும் விசில் ஊதிய மனிதரும்

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணியினர் அவரை மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம் அது. வெள்ளிக்கிழமை இரவுகளில் அங்கே பள்ளி மைதானத்தில் ஊரே கூடிவிடும். அந்த ஆட்டத்தின் விதிகள் ஏன் மாறின, அதனால் பள்ளி நடுவர்களின் தோளில் என்ன சுமை ஏறியது என்று இன்று எழுதுகிறேன்.

1905ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் குறைந்தது 18 பேர் இந்த ஆட்டத்தில் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்தச் சொன்னார். மறு ஆண்டே பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. ஒரே இடத்தில் முட்டி மோதிய கூட்டம் மைதானமெங்கும் விரிந்தது. நடுவரின் பார்வையும் கூடவே விரிய வேண்டியதாயிற்று.

பிறகு கடினமான பிளாஸ்டிக் ஹெல்மெட் வந்தது. முகத்துக்குக் கம்பித் தடுப்பும் வந்தது. தலையைக் காக்க வந்த கவசமே ஆயுதமாக மாறியதுதான் வேடிக்கை. 'தலைக்கு ஒன்றும் ஆகாது' என்ற துணிச்சலில் பிள்ளைகள் தலையைக் கொடுத்தே மோதினார்கள். பயிற்சியாளர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1968இல் மோதலால் நேரடியாக இறந்தவர்கள் 36 பேர். அவர்களில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்.

1976இல் பள்ளி, கல்லூரி இரண்டு மட்டத்திலும் விதி மாறியது. தலையையோ முகத்தையோ முதலில் கொண்டுபோய் மோதுவது குற்றம் என்றானது. கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர்களின் எண்ணிக்கை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. 1990இல் நேரடி மரணம் ஒன்றுகூட இல்லை. பயிற்சி முறையும் மருத்துவமும் மாறியது இதற்கு உதவியது உண்மை. ஆனாலும் புத்தகத்தில் அச்சான விதி தானாக மைதானத்தில் இறங்கி வராது. மஞ்சள் துணியை வீசித் தவறைச் சுட்டிக்காட்ட ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதரின் வேலை அன்றோடு கடினமாயிற்று. முன்பு பந்து எங்கே, கோடு எங்கே என்று பார்த்தால் போதும். இப்போது முதலில் பட்டது தோளா, தலையா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். 2010இல் இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. மூளை அதிர்ச்சியின் அறிகுறி தெரிந்தாலே மாணவனை உடனே வெளியேற்ற வேண்டும். தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் சரி என்று சொல்லாமல் அவன் திரும்ப ஆட முடியாது. நோயைக் கண்டறிவது நடுவரின் வேலையல்ல. ஆனால் தள்ளாடி நிற்கும் பிள்ளையைக் கண்டும் காணாததுபோல் அவர் இருக்கக் கூடாது. 2014இல், தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவனைக் குறிவைத்துத் தாக்குவது பற்றிய விதி வந்தது. இதிலும் தீர்ப்பு நடுவரின் கண்ணில்தான்.

தொழில்முறை ஆட்டத்தில் ஏழு நடுவர்கள்; சந்தேகம் வந்தால் வீடியோவைத் திரும்பப் பார்க்கலாம். பள்ளி ஆட்டத்தில் பெரும்பாலும் நாலைந்து பேர்தான். வழக்கமான ஆட்டங்களில் பெரும்பாலும் வீடியோ உதவியும் கிடையாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் விசிலோடு வருகிறவர்கள் இவர்கள். ஆண்டுதோறும் மாறும் விதிகளை ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகப் படிக்க வேண்டும். இத்தனைக்கும் மேல், பெற்றோரிடமே வசவு வாங்க வேண்டும். பள்ளி விளையாட்டு நடுவர்கள் பல்லாயிரக்கணக்கில் விலகிப்போய், ஆள் கிடைக்காமல் பல இடங்களில் ஆட்டங்களை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள்.

விதியைக் கடுமையாக்கியது பிள்ளைகளின் உயிருக்காக. அதை நடைமுறைப்படுத்துகிறவரை விரட்டிவிட்டால் அந்த விதி யாருக்குப் பயன்? எந்த ஊர்ப் பள்ளி மைதானமானாலும், நடுவரைத் திட்ட வாய் வரும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் நிறுத்தியது நம் அணியின் வெற்றியை மட்டுமாக இருக்காது; நம் பிள்ளைக்கு வரவிருந்த ஆபத்தாகவும் இருக்கலாம்.